உடல் தானாகத் தீப்பிடிக்குமா? அப்பாவை இழந்த மகளுக்கு ஒரு தடயவியல் மருத்துவரின் பதில்

கேள்வி அனுப்பிய வாசகியின் பெயரையும் ஊரையும் தவிர்த்து, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 74 வயது. தனியாக வசித்தவர். மூட்டுவலியால் நடமாட்டம் குறைவு, இதய நோயும் உண்டு. இரவில் தூக்க மாத்திரை போடுவார். சிகரெட்டை மட்டும் விட முடியவில்லை. தோல் வறட்சிக்காகக் கை, கால், முதுகு எல்லாம் பாரஃபின் களிம்பு தடவிக்கொள்வார். ஒருநாள் காலை, புகை வாடை வருகிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தபோது, ஃபோம் மெத்தை வைத்த சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் சாம்பலும் கம்பிச் சுருள்களும்தான் கிடந்தன. மார்பிலிருந்து தொடைவரை உடல் ஏறக்குறைய இல்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் செருப்போடு அப்படியே இருந்தன. மிஞ்சிய வலது கை மடங்கி, விரல்கள் இறுக மூடியிருந்தன. மண்டையோட்டில் விரிசல். ஒரு மீட்டர் தள்ளி அடுக்கி வைத்திருந்த செய்தித்தாள்கள் கருகக்கூட இல்லை. ஆனால் சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கடிகாரம் உருகித் தொங்கியது.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் “கார்பாக்சிஹீமோகுளோபின் 38 சதவீதம்” என்றும், தீயணைப்புத் துறை அறிக்கையில் “தீ தொடங்கிய காரணம் தீர்மானிக்கப்படவில்லை” என்றும் இருக்கிறது. உறவினர்கள் சிலர், உடல் தானாகவே பற்றி எரிந்துவிட்டது, இது ரத்த வழியில் வரக்கூடியது என்கிறார்கள். பெரியப்பாவோ யாரோ கொன்றுவிட்டார்கள் என்கிறார். காப்பீட்டு நிறுவனம் மரணத்தின் காரணத்தை எழுத்தில் கேட்டிருக்கிறது. வாசகியின் தம்பிக்குச் சர்க்கரை நோய். மாவுச்சத்தை அறவே ஒதுக்கிய கீட்டோ உணவில் இருக்கிறார். வாசகியோடு வசிக்கும் அத்தை வீட்டிலேயே ஆக்சிஜன் கருவி வைத்திருக்கிறார்; அவரும் அதே களிம்பைத்தான் தடவுகிறார். “அப்பா எப்படி இறந்தார்? வேதனைப்பட்டாரா? எங்களுக்கும் இது நடக்குமா?” இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து ஒரு பொறிகூடப் படாமல் மனித உடல் உள்ளிருந்து பற்றி எரிந்தது என்று நிரூபிக்கப்பட்ட சம்பவம் ஒன்றுகூட இல்லை. அப்பாவின் உடல் இருந்த நிலை பார்ப்பவர்களைக் குலைத்துப்போடும் நிலைதான். ஆனால் அது தீயியலுக்கும் தடயவியலுக்கும் தெரிந்த, சோதனை செய்து பார்க்கப்பட்ட நிலை. நீங்கள் எழுதிய ஒவ்வொரு விவரத்துக்கும் அதில் விளக்கம் இருக்கிறது.

முதலில் அந்த 38 சதவீதம்

உங்கள் கடிதத்திலேயே முக்கியமான தகவல் இதுதான். அதை நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். பொருள்கள் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வரும். மூச்சோடு உள்ளே போய், ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதன் அளவுதான் அந்தச் சதவீதம். தொடர்ந்து புகைப்பவர்களுக்கே ஏறக்குறைய 10 சதவீதம்வரை இருக்கலாம். 38 என்பது சிகரெட்டால் மட்டும் வராது. மூச்சு நின்ற பிறகு இந்த அளவு ரத்தத்தில் சேரவும் சேராது. ஆகவே தீ தொடங்கியபோது அப்பாவுக்கு மூச்சு இருந்தது. சில நிமிடங்களாவது புகையைச் சுவாசித்திருக்கிறார். எரியாமல் மிஞ்சிய காலிலிருந்து ரத்தம் எடுக்க முடிந்ததால்தான் இது தெரியவந்தது.

இதைக் கேட்டு நீங்கள் பதறுவீர்கள் என்று தெரியும். அதனால் அடுத்ததையும் சேர்த்தே படியுங்கள். சிகரெட் நுனி ஃபோம் நாற்காலியில் விழுந்தால் உடனே தீப்பிழம்பு வருவதில்லை. மேல் துணியும் உள்ளே இருக்கும் பஞ்சும் பிழம்பில்லாமல் கனிந்துகொண்டே இருக்கும். அரை மணி, ஒரு மணி, சில சமயம் அதற்கு மேலும் இப்படியே போகும். கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவது இந்தக் கட்டத்தில்தான். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஃபோம் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேரும். விழித்திருப்பவருக்கு 20, 30 சதவீதத்தில் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். மாத்திரை போட்டுத் தூங்குபவருக்கு அந்த எச்சரிக்கைகள் எட்டாது. தூக்கம் அப்படியே மயக்கமாகிவிடும். ஆரோக்கியமானவர் உயிரிழப்பது பெரும்பாலும் 50 சதவீதத்துக்கு மேல் என்றாலும், முதிய வயதும் இதய நோயும் இருப்பவர்களுக்கு 38 போதும்.

இதை வைத்துப் பார்த்தால், பிழம்பு எழும்பியபோது அப்பா நினைவோடு இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நூற்றுக்கு நூறு உறுதி என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். ஆனால் இருக்கும் சான்று அந்தப் பக்கம்தான் சாய்கிறது. உங்களை ஆறுதல்படுத்துவதற்காக இதை நான் சொல்லவில்லை.

எலும்புவரை எப்படி எரியும்?

“தகன உலையிலேயே எலும்பு மிஞ்சுகிறது. நாற்காலித் தீயில் எப்படிச் சாம்பலாகும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. உலையில் ஏறக்குறைய 760 முதல் 980 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மிஞ்சும் எலும்பை அரைத்துத்தான் தருகிறார்கள். வீட்டில் நடப்பது வேறு: குறைந்த தீ, ஆனால் ஐந்து மணி, பத்து மணி நேரம் அதே இடத்தில்.

இதைத் திரி விளைவு என்பார்கள். மெழுகுவர்த்தியில் திரி உள்ளே, மெழுகு வெளியே. இங்கே அது தலைகீழ்: சட்டை, போர்வை, நாற்காலித் துணி எல்லாம் வெளியே இருக்கும் திரி; தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புதான் எரிபொருள். தொடக்கத் தீயில் தோல் வெடிக்கும், கொழுப்பு உருகிக் கருகிய துணியில் ஊறும், துணி எரியும், அந்தச் சூட்டில் இன்னும் கொழுப்பு உருகும். கொழுப்பைத் தனியாகக் கொளுத்தினால் பற்றுவது கடினம், ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும். துணியில் ஊறிய பிறகு கதையே வேறு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜீ என்ற தடயவியல் மருத்துவர் 1965-இல் வெளியிட்ட சோதனையில், மனிதக் கொழுப்பைத் துணியில் சுற்றி ஒரு முனையில் தீ வைத்தார். ஒரு சாண் நீள உருளை, புகை கலந்த மஞ்சள் பிழம்போடு ஏறக்குறைய ஒரு மணி நேரம் மெதுவாக எரிந்து தீர்ந்தது. 1998-இல் பிபிசி தொலைக்காட்சிக்காக ஜான் டிஹான் என்ற தீ ஆய்வாளர், இறந்த பன்றியின் உடலைப் போர்வையில் சுற்றிக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். பெட்ரோல் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. உடல் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் தானே எரிந்தது. எலும்புகள் கையில் நொறுங்கும் நிலைக்கு வந்தன.

உடலில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே, அது தீயை அணைக்காதா என்ற சந்தேகம் வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கொழுப்பு எரிந்தால் ஏறக்குறைய 38 மெகாஜூல் வெப்பம். உடல் சூட்டில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க இரண்டரை மெகாஜூல் போதும். 70 கிலோ எடையுள்ளவரின் உடலில் 15 கிலோ கொழுப்பு இருந்தால், பெரும்பங்கு வெப்பம் காற்றில் போனாலும், சுற்றியுள்ள தசையை உலர்த்தி எரிக்க மிச்சம் இருக்கும். வயதானவர்களின் தேய்ந்த எலும்பு இன்னும் எளிதில் உதிரும். டென்னசி பல்கலைக்கழகத்தில் ஆஞ்சி கிறிஸ்டென்சன் எலும்புத் தேய்மானம் உள்ள எலும்பையும் இயல்பான எலும்பையும் எரித்துப் பார்த்து 2002-இல் இதை வெளியிட்டார்.

கால்கள் மிஞ்சியதும் இதனால்தான். முழங்காலுக்குக் கீழே கொழுப்பு குறைவு. திரியாக வேலை செய்யும் துணியும் அங்கே இல்லை. தீ மேல்நோக்கித்தான் போகும். கொழுப்பு நிறைந்த வயிறும் தொடையும் நாற்காலியோடு சேர்ந்து எரிந்து தீர்ந்ததும், தீ அங்கேயே நின்றுவிட்டது.

செய்தித்தாள், கடிகாரம் விஷயத்துக்கு வருகிறேன். இப்படி எரியும் தீயின் வலுவை 50 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் கதிர்வீச்சாகப் பக்கவாட்டில் வரும். ஒரு மீட்டர் தள்ளி அது ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோவாட் அளவுக்குக் குறைந்துவிடும். தாள் பற்ற ஏறக்குறைய பத்துக்கு மேல் வேண்டும். மீதி வெப்பம் புகையோடு நேராகக் கூரைக்கு ஏறி அங்கே ஒரு சூடான அடுக்காகத் தங்கும். உயரத்தில் இருந்த பிளாஸ்டிக் இளகியதும், தரையருகே தாள் பத்திரமாக இருந்ததும் ஒரே காரணத்தால்தான். அறையின் மேல்பாதிச் சுவரில் பிசுபிசுப்பான பழுப்புப் படலம் இருந்ததா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். இருந்திருந்தால் அது ஆவியான கொழுப்பு குளிர்ந்து படிந்தது.

உள்ளிருந்து தீ வரும் என்று சொல்லப்படும் காரணங்கள்

மது குடித்தவர் உடல் எளிதில் பற்றும் என்பது மிகப் பழைய நம்பிக்கை. 19-ஆம் நூற்றாண்டிலேயே வேதியியலாளர் லீபிக் இதை மறுத்துவிட்டார்: சாராயத்தில் ஊறவைத்துப் பாதுகாக்கும் உடல் பாகங்களைக் கொளுத்தினால் சாராயம் எரிகிறது, தசை எரிவதில்லை. ரத்தத்தில் 0.4 சதவீத மது இருந்தாலே உயிருக்கு ஆபத்து. ஐந்து சதவீத பீரே பற்றாதபோது ரத்தம் எப்படிப் பற்றும்? மதுவின் பங்கு வேறு. சிகரெட் கையிலிருந்து நழுவுவது தெரியாமல் போகும்.

பட்டினியிலும் சர்க்கரை நோயிலும் சுரக்கும் அசிட்டோன்தான் எரிபொருள் என்ற கருத்தை 2012-இல் உயிரியலாளர் பிரையன் ஃபோர்ட் முன்வைத்தார். அசிட்டோனில் ஊறவைத்த பன்றி இறைச்சியை எரித்தும் காட்டினார். ஆனால் உடல் ஒருபோதும் அப்படி ஊறுவதில்லை. காற்றில் அசிட்டோன் 2.5 சதவீதமாவது இருந்தால்தான் பற்றும், அதாவது பத்து லட்சத்தில் 25,000 பங்கு. கடுமையான கீட்டோ அமிலத்தன்மையில்கூட (ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் மிகுந்துபோகும் ஆபத்தான நிலை) மூச்சில் வருவது அதில் மிகச் சிறிய பங்குதான்.

குடலில் ஹைட்ரஜனும் மீத்தேனும் இருப்பது உண்மை. குடல் அறுவைச் சிகிச்சையில் மின்சூட்டுக் கருவியின் பொறி பட்டு அவை வெடித்ததும் மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. அங்கேயும் பொறி வெளியிலிருந்து வந்தது. குடலுக்குள் தானாகப் பற்றப் போதிய ஆக்சிஜன் இல்லை. உடலில் சேரும் நிலைமின்சாரம் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும்; சாதாரணக் காற்றில் சட்டையையோ தோலையோ பற்றவைக்காது. பந்து மின்னல், இன்னும் கண்டுபிடிக்கப்படாத துகள் என்றெல்லாம் சொல்பவர்களிடம் சான்று கிடையாது.

தானாகப் பற்றும் பொருள்கள் உலகில் இல்லாமல் இல்லை. ஆளி விதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால் சூடேறிப் பற்றும். வெள்ளை பாஸ்பரஸ் 30 டிகிரியை ஒட்டியே பற்றும். பால்டிக் கடற்கரையில் போர்க்கால பாஸ்பரஸ் துண்டை அம்பர் கல் என்று நினைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர்களுக்குத் தீக்காயம் பட்டிருக்கிறது. பழுதான லித்தியம் பேட்டரியும் அப்படித்தான். எல்லாம் உடலுக்கு வெளியே இருக்கும் பொருள்கள், கவனியுங்கள்.

பேசப்படும் பழைய சம்பவங்களைப் பிரித்துப் பார்த்தாலும் அருகில் ஒரு நெருப்பு இருக்கும். 1731-இல் இத்தாலியின் செசேனாவில் இறந்த சீமாட்டியின் அருகே எண்ணெய் தீர்ந்த விளக்கு. 1951-இல் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்த 67 வயதுப் பெண்மணி தூக்க மாத்திரை போட்டுவிட்டுச் சிகரெட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் நிலையோடு அச்சாகப் பொருந்துகிறது. 1966-இல் பென்சில்வேனியாவில் இறந்த 92 வயது மருத்துவர் பைப் புகைப்பவர். அவருடைய உடைகளில் பழைய பொசுங்கல் ஓட்டைகள் இருந்தன. அயர்லாந்தின் கால்வேயில் 2010-இல் நடந்த மரணத்துக்கு, மரண விசாரணை அதிகாரி அடுத்த ஆண்டு “தானாக எரிதல்” என்றே தீர்ப்பு எழுதினார் என்பதை உங்கள் உறவினர்கள் காட்டக்கூடும். அங்கே கணப்படுப்புத் தீ காரணமில்லை என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். வேறு காரணம் கிடைக்கவில்லை. காரணம் கிடைக்கவில்லை என்பதிலிருந்து உள்ளிருந்து தீ வந்தது என்று தாவ முடியாது. பற்றவைத்த சிகரெட்டுத் துண்டு பத்து மணி நேரத் தீயில் மிஞ்சாது.

மடங்கிய கை, மண்டை விரிசல், பெரியப்பாவின் சந்தேகம்

வெப்பத்தில் தசை சுருங்கும். மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை என்பதால் முழங்கை மடங்கும், விரல்கள் மூடும். இறந்த உடலிலும் இது நடக்கும். போராட்டத்தின் அடையாளம் அல்ல. மண்டையோட்டு விரிசலும் பெரும்பாலும் வெப்பத்தால் வருவதுதான். அடியால் வந்த முறிவுக்கும் வெப்ப முறிவுக்கும் விளிம்பிலும் கோட்டின் போக்கிலும் வேறுபாடு உண்டு.

ஆனாலும் பெரியப்பாவின் கேள்வியை ஒதுக்கிவிடாதீர்கள். 1847-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கோர்லிட்ஸ் சீமாட்டி எரிந்து இறந்தபோது, உடல் தானாகப் பற்றியிருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. பிறகு உடலைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தார்கள். லீபிக்கும் உடலியல் அறிஞர் பிஷாஃபும் தானாக எரிவது சாத்தியமில்லை என்று சாட்சி சொன்னார்கள். 1850-இல் வேலைக்காரர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. “தானாக எரிந்தது” என்று எழுதினால் விசாரணை அங்கேயே மூடிவிடும். அப்பா விஷயத்தில் அந்தச் சொல்லை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிக்கைகளை வைத்து என்ன செய்யலாம்

“தீர்மானிக்கப்படவில்லை” என்றால் விளக்கவே முடியாதது என்று பொருளில்லை. சாத்தியமான காரணங்களில் ஒன்றை மட்டும் உறுதியாகத் தேர்ந்தெடுக்கச் சான்று போதவில்லை என்பதுதான். மறு விசாரணை கேட்பதற்கு முன், விளக்கம் கேட்டு எழுதுவதே இப்போது சரியான அடி என்று நினைக்கிறேன். மறு விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும், குடும்பத்துக்குள் சந்தேகத்தை வளர்க்கும். கேட்ட விளக்கத்தில் ஓட்டை தெரிந்தால் அதற்குப் போகலாம். இறந்தவரின் மகள் என்ற முறையில் அறிக்கைகளின் நகலைப் பெறும் வழி பெரும்பாலும் எல்லா நாட்டுச் சட்டங்களிலும் உண்டு. கடிதத்தில் இவற்றைக் கேளுங்கள்:

- ரத்தத்தில் தூக்க மருந்து, மது, சயனைடு அளவு பார்க்கப்பட்டதா?
- மண்டை விரிசல் வெப்பத்தால் வந்ததா, அடியால் வந்ததா என்று குறிப்பிட்டிருக்கிறதா? கழுத்து எலும்பு கிடைத்ததா?
- நாற்காலிக்கு அடியில் இருந்த தரையிலிருந்து மாதிரி எடுத்துப் பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்றவை உண்டா என்று பார்த்தார்களா?
- மின் இணைப்பு, ஹீட்டர், சார்ஜர் ஆகியவை காரணமில்லை என்று எப்படி முடிவு செய்தார்கள்?

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆய்வகங்கள் மாதிரிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடும். பாதுகாத்து வைக்கும்படி முதல் வரியிலேயே கேட்டுவிடுங்கள். அதுவரை அறையைக் கழுவ வேண்டாம்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு உறவினர்கள் சொல்வதை எழுதாதீர்கள். உங்கள் ஊகத்தையும் எழுத வேண்டாம். இரண்டு அறிக்கைகளின் நகலை இணைத்து, “காரணம் அறிக்கைகளில் உள்ளபடி” என்று மட்டும் பதில் போடுங்கள். அதன் பேரில் மறுத்தால் ஒப்பந்தத்தோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.

தம்பிக்கும் அத்தைக்கும்

ரத்த வழியில் வருவது என்று எதுவும் இல்லை. தம்பி தீப்பிடிக்க மாட்டார். ஆனால் சர்க்கரை நோயோடு கீட்டோ உணவு என்பதில் எனக்கு வேறு கவலை இருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவராக இருந்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோ அமிலத்தன்மை வரலாம். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வந்தால் சர்க்கரை அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. ரத்தக் கீட்டோன் பார்க்க வேண்டும். இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் உணவு முறையைச் சொல்லச் சொல்லுங்கள்.

உண்மையான தீ அபாயம் இருப்பது அத்தைக்கு. களிம்பு குழாயில் இருக்கும்போது ஒன்றுமில்லை. துணியிலும் படுக்கை விரிப்பிலும் ஊறிக் காய்ந்த பிறகு, அந்தத் துணி சீக்கிரம் பற்றும், வேகமாக எரியும். இத்தகைய களிம்புகளோடு தொடர்புடைய 50-க்கும் மேற்பட்ட தீ மரணங்களைக் குறிப்பிட்டு, பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. பாரஃபின் இல்லாத களிம்புக்கும் இது பொருந்தும். அப்பாவுக்கு அந்தக் களிம்பை நீங்கள்தான் வாங்கித் தந்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். தீயை அது வேகப்படுத்தியிருக்கலாம்; மூட்டியிருக்க முடியாது. அவருடைய தோலுக்கு அது தேவையான மருந்துதான். அத்தைக்கும் நிறுத்த வேண்டாம். விரிப்பையும் உடையையும் அடிக்கடி, துணி தாங்கும் அளவு சூடான நீரில் துவையுங்கள். துவைத்தாலும் களிம்பு முழுதாகப் போகாது என்பதால், நெருப்புக்கு அருகே போகும்போது களிம்பு படாத உடை வேண்டும்.

ஆக்சிஜன் தானாக எரியாது. மற்றதை மூர்க்கமாக எரியவைக்கும். கருவியும் குழாயும் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும். மூக்குக் குழாயைக் கழற்றிப் படுக்கையில் போட்டுவிட்டுக் கருவியை ஓடவிடுவது பலர் செய்யும் தவறு: விரிப்பும் தலையணையும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். முதலில் கருவியை நிறுத்தி, பிறகு குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். அதன் பின்னும் 20, 30 நிமிடம் உடையில் காற்றுப் பட்ட பிறகே சமையலறைக்குப் போகலாம். மூக்கிலும் உதட்டிலும் பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம். நீர் சார்ந்த களிம்பு போதும். தீ பரவினால் ஓட்டத்தை நிறுத்தும் தடுப்பு வால்வு குழாயில் இருக்கிறதா என்று கருவி தந்தவர்களைக் கேளுங்கள். அத்தைக்கு அருகே ஒன்றும் கருவிக்கு அருகே ஒன்றும் இருக்க வேண்டும். அவர் படுக்கும் அறையின் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி பொருத்தி, மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அத்தைக்குக் காது மந்தம் என்றால், தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுப் பட்டையோடு வரும் கருவியை வாங்குங்கள்.